கூலிப்படையும் கூலிக்காடும்

இத்தாலிய சினிமா என்றதும் படித்த தமிழர் மனத்தில் எழும் பெயர்கள் டி சிக்காவும் ஃபெலினியும் அந்தோனியோனியும்தாம். ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற ஒரு படத்தைப் பற்றி மட்டும் நம் சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளை ஒன்று சேர்த்தாலே ஒரு பெரும் நூலாகிவிடும். ஆனால் அதே ரோமாபுரியில், அதே திரைத்தொழிலாளரின் கைவண்ணத்தால், 1960-களின் நடுப்பகுதி தொடங்கி 1980-களின் இறுதிவரை நூற்றுக்கணக்கில் உற்பத்தியாகி, ஆசியாவின் சிறு நகரங்களையும் மலைத்தோட்டங்களையும் வந்தடைந்த வேறொரு சினிமாவும் உண்டு. குறைந்த பணத்தில், குறைந்த நாட்களில், கூலிக்குப் போர் புரியும் வீரனையும் வஞ்சம் தீர்க்கப் புறப்படும் தனிமனிதனையும் கதாநாயகர்களாக்கி எடுக்கப்பட்ட அந்தப் படங்களை நம் விமர்சகர்கள் மதிக்கவில்லை. மதிக்காத காரணத்தாலேயே அவை நம் ஜனங்களின் மனத்தில் எதை விதைத்தன என்பதை ஆராயவுமில்லை. ஊவாவின் தோட்டப்புறத்திலிருந்து எழுதும் எனக்கு அந்த ஆராய்ச்சி நம்முடைய கடமை என்றே படுகிறது. ஏனெனில் அப்படங்களின் மலிவுக்கு உரிய விலையைக் கொடுத்தவர்களில் நம் நாட்டாரும் உண்டு.

இலங்கையில் 1979-இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982-இல் ரூபவாஹினியும் வந்த பின்னர், பசறை போன்ற சிறு நகரங்களில் வீடியோ கெசட் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் தோன்றின. திருவிழாக் காலத்திலோ சம்பளம் போட்ட கையோடோ டெக்கையும் டிவியையும் ஓரிரவுக்கு வாடகை பேசி எடுத்து வந்து, லயத்து வாசலில் படங்கு விரித்து, விடியும்வரை மூன்று நான்கு படங்கள் போடுவார்கள். முதலில் எம்.ஜி.ஆர். படமோ ரஜினி படமோ ஓடும். காலையில் வேலைக்குப் பேர்பதியும் பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்கள் உறங்கச் சென்ற பின்னர், இளைஞருக்கென்று ஓர் ‘இங்கிலீஷ் சண்டைப் படம்’ வரும். அந்த இங்கிலீஷ் படங்களிற் பல இத்தாலியப் படங்கள் என்பது அப்போது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அட்டையில் அன்டனி டாசன் என்றிருந்த இயக்குநரின் மெய்ப்பெயர் அன்டோனியோ மார்கெரித்தி. வின்சென்ட் டான் என்பவர் புரூனோ மத்தேயி. லாரி லுட்மன் என்பவர் ஃபப்ரிஸியோ தே ஆஞ்செலிஸ். அமெரிக்கப் படம் என்று நம்பினால்தான் உலகச் சந்தையில் விலைபோகும் என்பதால் இயக்குநர்கள் தம் சொந்தப் பெயரையே மறைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழில் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒரு படம் எங்கேனும் வெற்றி பெற்றுவிட்டால், அதன் சாயலில் இருபதோ முப்பதோ படங்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எடுத்துத் தள்ளி, அந்த ஊற்று வற்றியதும் அடுத்ததற்குத் தாவுவது அவர்களுடைய வழக்கம். ஹெர்க்குலிஸ் கதைகள் ஓய்ந்த இடத்தில், 1964-இல் செர்ஜியோ லியோனேயின் படம் ஒன்று ஓடியதைப் பின்பற்றிக் குதிரைவீரர் கதைகள் எழுந்தன. அவை ஓய்ந்ததும் போலீஸ் கதைகள், நரமாமிசம் உண்போர் கதைகள், உலகம் அழிந்த பின்னர் நடக்கும் கதைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ‘ராம்போ’வின் வெற்றிக்குப் பிறகு கூலிப்படைக் கதைகளில் வந்து நின்றன. படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவுசெய்யாமல், நடிகர் அவரவர் பாஷையில் பேசிவிட்டுப் போக, வசனத்தையெல்லாம் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். ஹாலிவுட்டில் சந்தர்ப்பம் குறைந்து போன முதிய நடிகர்களைச் சில நாட்களுக்கு மாத்திரம் அமர்த்திக்கொண்டு, அவர்களுடைய முகத்தைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிடுவார்கள். மார்கெரித்தி சின்னஞ்சிறு மாதிரி உருவங்களை அமைத்து அணைக்கட்டையும் ஆகாயவிமானத்தையும் வெடிக்கச் செய்வதில் வல்லவர். அவருடைய 1984-ஆம் ஆண்டுப் படமான ‘கோட் நேம்: வைல்ட் கீஸ்’ என்பதில், ஒரு மோட்டார் கார் சுரங்கப் பாதையின் பக்கச் சுவரில் ஏறி ஓடும் காட்சி, கைக்கு அடக்கமான பொம்மைக் காரை வைத்து எடுக்கப்பட்டது. இத்தகைய கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வசதியின்மையிலிருந்து உபாயம் பிறப்பதை அறிந்தவர்கள் அதை மதிக்கவே செய்வார்கள்.

 

ஆனால் பொம்மைக் காரைக் கொண்டு ஒரு முழுப் படத்தை எடுத்துவிட முடியாது. காடு வேண்டும், ஆறு வேண்டும், எரிப்பதற்கு ஒரு கிராமம் வேண்டும், எரியும் கிராமத்திலிருந்து ஓடுவதற்கு மனிதர் வேண்டும். இவை எங்கே மலிவாகக் கிடைக்குமோ அங்கே அவர்கள் சென்றார்கள். கூலிப்படைப் படங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பிலிப்பைன்ஸ் தீவுகள் அவ்விதம் பயன்பட்டன. அங்கே 1976-இலும் 1977-இலும் அமெரிக்க இயக்குநர் கொப்போலா தம் வியட்நாம் போர்ப் படத்தை எடுத்தபோது, மார்க்கோஸின் அரசாங்கம் தன் விமானப்படையின் ஹெலிகாப்டர்களை வாடகைக்குக் கொடுத்தது. தெற்கே கிளர்ச்சியாளரை ஒடுக்கவேண்டிய தேவை வந்தபோதெல்லாம் படப்பிடிப்பின் நடுவிலேயே அவற்றைத் திருப்பி அழைத்துக்கொண்டது. காலையில் திரைக்காகப் பாவனைக் குண்டு வீசிய இயந்திரம் மாலையில் மெய்யான மனிதர்மீது பறந்து செல்லக்கூடும் என்ற அந்த நிலைமையை எண்ணிப் பார்க்கும்போது, கேளிக்கைக்கும் கொலைக்கும் இடையில் இருக்கவேண்டிய எல்லை எத்துணை மெல்லியதாகிவிட்டது என்ற அச்சமே எனக்கு உண்டாகிறது. இத்தாலியப் படப்பிடிப்புக் குழுவினர் அந்தப் பெரும்படம் விட்டுச் சென்ற அதே காடுகளுக்குத்தான் பின்னர் வந்து சேர்ந்தார்கள்.

நம் இலங்கைக்கும் அவர்கள் வந்தார்கள். 1977-இல் ‘மன்னாயா’ என்னும் பழிவாங்கும் குதிரைவீரன் கதையை எடுத்த செர்ஜியோ மார்த்தினோ, அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘நரமாமிசத் தெய்வத்தின் மலை’ என்ற படத்தை, உர்சுலா அன்ட்ரெஸ் என்ற புகழ்பெற்ற நடிகையைக் கொண்டு இந்நாட்டுக் காடுகளில் எடுத்தார். 1979-இல் பெரியதொரு முதலையைப் பற்றிய படத்தையும் இங்கேயே எடுத்தார். 1980-இல் உம்பெர்த்தோ லென்ஸியின் ‘உயிரோடு தின்னப்பட்டோர்’ வந்தது. அதில் மார்த்தினோவின் படத்திலிருந்தும் வேறு பழைய படங்களிலிருந்தும் காட்சிகளை வெட்டியெடுத்து ஒட்டியிருந்தார்கள். ‘நரமாமிசத் தெய்வத்தின் மலை’யிலும் லென்ஸியின் படத்திலும் இலங்கை நியூகினியாவாக வேஷமிட்டது. திரையில் நரமாமிசம் உண்ணும் காட்டுவாசிகளாக உடம்பெங்கும் சேறு பூசி நிறுத்தப்பட்டவர்கள் இந்நாட்டுச் சாமானியர். அவர்களில் ஒருவரையேனும் பெயர் சொல்லி அழைத்த வசனம் எனக்கு நினைவில் இல்லை. அதே மார்த்தினோதான் 1983-இல், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு போர்வீரன் அழிந்துபோன நியூயார்க்குக்குள் நுழையும் கதையையும் எடுத்தவர். பெயரில்லாத கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளை வீரன் தன் கணக்கைத் தீர்க்கும் கதைமுறை, காட்டுவாசிப் படத்திலிருந்து கூலிப்படைப் படத்துக்கு எவ்விதச் சிரமமுமின்றிக் கடந்து சென்றதை இதிற் காணலாம்.

இந்தக் கதைமுறையின் உள்ளியல்பை ஒரே காட்சியிற் காட்டிவிட முடியும். மத்தேயியின் 1987-ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ட்ரைக் கமாண்டோ’வில், ரெப் பிரவுன் நடித்த அமெரிக்க வீரனுக்கு வியட்நாமியக் கிராமத்தார் அடைக்கலம் கொடுக்கிறார்கள், அவன் இல்லாத சமயத்தில் பகைவர் வந்து அந்தக் கிராமத்தை அழித்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவன் மடியில் ஒரு சிறுவன் உயிர் பிரியும் தறுவாயில் கிடந்து, டிஸ்னிலாந்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்கிறான். வீரன் அழுதுகொண்டே அந்த மாயலோகத்தை வருணித்து முடிக்குமுன் சிறுவன் இறந்துபோகிறான். உடனே வீரன் எழுந்து நின்று, காடு அதிரக் கத்திக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்குகிறான். மேலைநாட்டு ரசிகர் பலர் இக்காட்சியை ஒரு வேடிக்கையாகப் போற்றுகிறார்கள் என்று அறிகிறேன். எனக்கு அது துயரமாகவே தோன்றுகிறது. அந்தச் சிறுவனுக்குத் தன் தாயை அழைக்கத் தோன்றவில்லை. தன் ஊரைப் பற்றியும் ஒரு சொல் வரவில்லை. சாகும்போதுகூட அவன் வந்தவனுடைய தேசத்தையே கனவு காண வேண்டியிருக்கிறது. கதைக்கு அவன் தேவைப்பட்டதெல்லாம், வீரனுடைய கோபத்துக்கு ஒரு நியாயமாக ஒரு பிணம் தேவைப்பட்ட அந்த ஒரு கணத்துக்குத்தான். பழிவாங்குவது வந்தவனுக்குரிய உரிமை என்றும், செத்துப்போவது ஊராருக்குரிய கடமை என்றும் பங்கிட்டு வைத்திருப்பதே இப்படங்களில் நான் காணும் பெருங்குற்றம்.

‘கோட் நேம்: வைல்ட் கீஸ்’ வெளியான அதே 1984-இல், திரையில் அல்ல, நம் மண்ணிலேயே மெய்யான கூலிப்படையினர் வந்து இறங்கினார்கள். பிரித்தானியாவின் விசேட விமானச் சேவைப் படையிலிருந்து விலகியோர் நடத்திய கே.எம்.எஸ். என்னும் தனியார் கம்பெனி, இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி அளிக்க அமர்த்தப்பட்டது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில் அந்தப் பயிற்சி நடந்தது. பின்னர் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த விமானிகள் ஹெலிகாப்டர்களும் ஓட்டினார்கள். பயிற்சி பெற்ற படை கிழக்கு மாகாணத்துக்கு அனுப்பப்பட்டது. பசறையிலிருந்து லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் போய்வருகிற எங்களுக்கு, கிழக்கில் நடந்தவை தூரதேசச் செய்திகள் அல்ல. 1987 ஜனவரியில் மட்டக்களப்பு மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்த தொழிலாளர் கொல்லப்பட்டபோது, அதைச் செய்தது அதிரடிப் படையே என்று ஊரார் சாட்சி கூறினார்கள். பிரித்தானியப் பத்திரிகையாளர் பில் மில்லர் இக்கம்பெனியைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி 2020-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டன் பெருநகரப் பொலிஸாரும் போர்க்குற்ற விசாரணையொன்றை ஆரம்பித்தனர். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய விசாரணை அது. கூலிப்படையினரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்டது. அந்த வீரர்களைத் திரையிற் கொண்டாடிய இத்தாலி 1995-இல் அதில் இணைந்தது. அவர்களை மெய்யாகவே அனுப்பிய கம்பெனியின் தாயகமான பிரித்தானியா இணையவில்லை.

ஊவாவின் சரித்திரத்துக்குக் கூலிக்குப் போர் புரிவோர் புதியவர்களும் அல்லர். 1630-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தே சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயாவுக்கு அண்மையில் ரந்தெனிவெலையில் அவரோடு வந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர் பக்கம் மாறியதால் அழிந்துபோனார். சுவிஸ் நாட்டவரான தெ மெயுரோன் 1781-இல் ஒல்லாந்தக் கம்பெனிக்காகத் திரட்டிய படையணி, 1795-இல் எஜமானரை மாற்றிக்கொண்டு ஆங்கிலேயருக்குச் சேவகம் செய்தது. 1818-இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்களின் கிளர்ச்சியை நசுக்க இந்தியாவிலிருந்து சம்பளத்துக்குச் சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே இந்தியாவிலிருந்து, துப்பாக்கிக்குப் பதில் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ஏந்தும் கூலிகளாக எங்கள் முன்னோர் வந்து சேரத் தொடங்கினர். ஏழ்மைதான் இருவகையாரையும் கப்பலேற்றியது.

பழிவாங்கும் கதைகளில் மனம் லயிப்பவர்களை நான் குறைகூற மாட்டேன். சட்டம் கைவிட்ட இடத்தில் கோபம் பிறப்பது இயல்பு. இத்தாலியிலும் 1969 டிசம்பரில் மிலானோவின் வங்கியொன்றில் குண்டு வெடித்தது முதல், ஆண்டுக்கணக்கில் பயங்கரமும் கடத்தலும் நடந்து, நீதி தாமதித்துக்கொண்டே போன சூழ்நிலையில்தான், பிரஜை ஒருவன் தானே ஆயுதமேந்தும் கதைகள் திரையரங்குகளை நிறைத்தன. இங்கே எங்கள் பதுளை மாவட்டத்திலேயே, பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25-ஆம் தேதி, அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் புகுந்து வெட்டியும் எரித்தும் கொன்றது. 2003-இல் நீதிமன்றம் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இன்று அந்தக் கொலைகளுக்கென்று தண்டனை அனுபவிப்பவர் எவரும் இல்லை. இத்தகைய தேசத்தில் வாழும் இளைஞன், திரையில் ஒருவன் தன் பகைவரைத் தேடித் தேடிக் கொல்வதைப் பார்க்கையில் மனம் ஆறுதல் அடைவானாயின், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஆறுதல் தொண்ணூறு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. பிள்ளையை இழந்தவர்களோ நீதிமன்ற வாசலிலும் ஆணைக்குழுக்களின் முன்னும், துப்பாக்கியின்றி, ஒரு காகிதக் கட்டையும் ஒரு புகைப்படத்தையும் பிடித்தபடி ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். அந்த நிற்றலைக் கதையாக்கும் பொறுமை இப்படங்களுக்கு இல்லை.

இத்தாலியர் இவ்வகையில் நல்லதே செய்யவில்லை என்று சொல்வது அநீதியாகும். செர்ஜியோ கொர்புச்சி 1968-இல் எடுத்த ‘இல் மெர்செனாரியோ’வில், ஃபிராங்கோ நேரோ நடித்த கூலிவீரன், மெக்சிக்கோவின் ஏழைக் கிளர்ச்சியாளனிடம் ஒவ்வொரு காரியத்துக்கும் காசு பேசி வாங்கிக்கொள்கிறான், அந்தப் பேரம்தான் கதையின் உயிர். காசுக்கு வந்தவன் காசுக்கே வந்தவன் என்பதைப் படம் மறைக்கவில்லை. படத்தில் முகமும் நாவும் உடையவனாக அந்த ஏழையும் நிற்கிறான். செர்ஜியோ சொல்லிமா 1976-இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘சந்தோகான்’ தொடரில், நம் பக்கத்து நாட்டவரான கபீர் பேடி கதாநாயகனாகி, போர்ணியோவின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கை எதிர்த்துப் போரிட்டார். இத்தாலியக் குழந்தைகள் ஓர் ஆசியனைத் தம் வீரனாக ஏற்றுக்கொண்டனர். குறைந்த செலவு அறமின்மைக்குக் காரணமன்று என்பதற்குக் கொர்புச்சியின் படம் ஒன்றே எனக்குப் போதும். பிற்கால மலிவுப் படங்கள் அதிலிருந்து குதிரையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பேரத்தையும் அந்த ஏழையின் முகத்தையும் விட்டுவிட்டன.

இதையெல்லாம் இப்போது எழுதவேண்டிய அவசரம் என்ன என்று வாசகர் கேட்கலாம். 2022-இல் நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்ததன் பின்னர், ஓய்வுபெற்ற படையினர் பலர் பெருஞ்சம்பளத்துக்கும் குடியுரிமை ஆசைக்கும் மயங்கித் தரகர் மூலம் ரஷ்யாவுக்குச் சென்று, உக்ரேன் போர்முனையில் தள்ளப்பட்டார்கள். சமையற்காரன் வேலை, காவற்காரன் வேலை என்று நம்பிப் போனவர்களும் பதுங்குகுழியில்தான் போய் இறங்கினார்கள். ஐரோப்பா செல்லப் புறப்பட்ட வடபகுதித் தமிழ் இளைஞர் சிலரும் அதில் அகப்பட்டதாகக் குடும்பத்தார் முறையிட்டார்கள். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர் என்றும், அவர்களில் 59 பேர் மாண்டது உறுதியாகியுள்ளது என்றும் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் 2025-இன் தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். திரையிற் கண்ட கூலிவீரன் குண்டுமழையினூடே நடந்து வந்து, கடைசியில் பணப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் ஏறிச் செல்வான். போனவர்களின் வீட்டாரோ பிரேதத்தைக்கூடக் காணாமல் தூதரகங்களுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-இல் அதை வர்த்தமானியிற் பெற்று, அதன் பின்னரும் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாட் சம்பளமாக அரைப்பேர் போடப்படும் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு, அடுத்த தரகன் எந்த நாட்டுப் போரின் விலாசத்தோடு வருவான் என்று யார் சொல்ல முடியும்?

படங்களைத் தடைசெய்யவேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. தடைசெய்யப்பட்டது எதுவும் இளைஞரிடம் போய்ச் சேராமல் இருந்ததில்லை. இப்போது அவை கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்குத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் வாசிகசாலைகளும் முன்வரவேண்டும்; ஒரு மாலையில் கொர்புச்சியின் படத்தையும் மத்தேயியின் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, இந்தக் கதையில் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்டாலே போதும், மீதியைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். மற்றொரு காரியத்தைத் திரைப்படக் கூட்டுத்தாபனம் செய்யவேண்டும். 1970-களின் இறுதியில் இந்நாட்டில் படம் பிடித்த இத்தாலியக் குழுவினருக்காக நடித்தவர்கள், சுமை தூக்கியவர்கள், ஆற்றில் இறங்கியவர்கள், சமைத்துப் போட்டவர்கள் ஆகியோரில் இன்னும் உயிரோடிருப்போரைத் தேடி, அவர்களுடைய பெயரையும் ஊரையும் அவர்கள் பெற்ற கூலியையும் அவர்கள் வாய்ச்சொல்லாகவே பதிவுசெய்து வைக்கவேண்டும். அவர்களில் இளையவருக்கும் இப்போது வயது அறுபதைக் கடந்திருக்கும். இந்தப் பணியைத் தள்ளிப்போட இனிக் காலம் இல்லை.